தந்தையார் விட்டுச்சென்ற வண்டிக்கு வேறு என்ஜின்

வாசக அன்பர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் சென்ற திங்கள் நம் கைக்குக் கிட்டியது. அவர் பள்ளி ஆசிரியர். அவருடைய தந்தையார் நெடுங்காலம் ஓட்டிய பெட்ரோல் அம்பாசிடர் வண்டி ஒன்று வீட்டு முற்றத்தில் நிற்கிறது. தந்தையார் மறைந்து ஈராண்டு ஆகிறது. வண்டி இன்னும் ஓடுகிறது; ஆனால் நீலப் புகை கக்குகிறது, எண்ணெயைக் குடிக்கிறது, மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. பட்டறையில் கேட்டால் மூன்று மாதச் சம்பளம் சொல்கிறார்கள். தாயார் விற்கச் சம்மதிக்கவில்லை. மைத்துனர், பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டியதுதான் என்கிறார். தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் படிப்பு முடித்த தம்பியோ, பெட்ரோல் என்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய வேன் ஒன்றின் டீசல் என்ஜினை வாங்கி நம் முற்றத்திலேயே நாமே ஏற்றிவிடலாம், அந்நாளில் எல்லோரும் அப்படித்தானே செய்தார்கள் என்று வாதிடுகிறார். இந்தப் பேச்சை எடுத்தாலே சோறு ஆறிப்போகிறதாம். வீட்டிலேயே என்ஜின் மாற்றுவது கூடுமா, தகுமா என்பதே அவரது கேள்வி.

கூடும் என்பதே நம் விடை. ஆனால் தம்பி சொல்லும் வழியில் அன்று. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்பாசிடர் வண்டியைப் பற்றி நம் குடும்பங்களில் அறியாதவர் இல்லை. இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியின் வார்ப்பில், வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை அதைச் செய்தது. 2014-ஆம் ஆண்டு மே மாதம் அத்தொழிற்சாலையில் வேலை நிறுத்திவைக்கப்பட்ட பின்னர் புதிய வண்டி ஒன்றும் வரவில்லை. அதன் பெட்ரோல் என்ஜின்களுள் நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடியது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய நான்கு சிலிண்டர் என்ஜினாகும். எளிய அமைப்பு, பானட்டைத் திறந்தால் சுற்றிலும் கைவிட இடம், மின்னணுப் பெட்டி ஏதும் இல்லை. வீட்டில் கழற்றி மாட்டக்கூடிய வண்டி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத் தயங்காமல் சொல்லலாம். இதைவிட எளிதாகச் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றைத்தான் சொல்ல முடியும். அதில் வண்டியின் முன்பகுதி முழுவதுமே மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மீது உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம். இன்று வருகிற வண்டிகளில் ஒரு விளக்கை மாற்றவே பாதி வண்டியைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

தம்பி சொல்வது முற்றிலும் பொய்யன்று. 1973-ஆம் ஆண்டிலும் பின்னர் 1979-ஆம் ஆண்டிலும் உலகில் கச்சா எண்ணெய் விலை ஏறியபோது, நம் நாட்டில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையே இருந்த விலை வேற்றுமை வாடகை வண்டி ஓட்டியவர்களின் வயிற்றைத் தொட்டது. அவர்கள் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு, கிடைத்த டீசல் என்ஜினை ஏற்றினார்கள். பட்டறைகள் அதையே தனித்தொழிலாகச் செய்தன. 1980-ஐ ஒட்டி உற்பத்தியாளரே டீசல் அம்பாசிடரைக் கொண்டுவந்தார். ஆனால் அன்று அதைச் செய்தவர்கள் நாளொன்றுக்கு நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டியவர்கள். போட்ட பணம் எரிபொருள் மிச்சத்தில் திரும்பி வந்தது. மாதத்தில் நான்கு முறை தாயாரைக் கோவிலுக்கும் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லும் வண்டிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். டீசல் என்ஜின் என்பது பெட்ரோல் என்ஜினின் தம்பியன்று, வேறு குலம். பெட்ரோல் என்ஜின் உள்ளிழுத்த கலவையை ஏழெட்டு மடங்கு அமுக்கித் தீப்பொறியால் எரிக்கிறது. டீசல் என்ஜினோ காற்றை இருபது மடங்குக்கு மேல் அமுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கிறது. அந்த அமுக்கத்தைத் தாங்க வேண்டியதால் அதன் வார்ப்பு கனமானது, அதிர்வும் மிகுதி. பெட்ரோல் என்ஜினுக்கென்று அமைந்த தாங்கு ரப்பர்கள் சில மாதங்களில் கிழியும். முன்பாரம் கூடுவதால் வண்டியின் மூக்கு தாழும். முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளைத் திருத்தி அமைக்க வேண்டும். செல்ப் மோட்டாரும் பாட்டரியும் பெரிதாக வேண்டும். பெட்ரோல் டாங்கியைக் கழுவி, மிகுதி எண்ணெய் திரும்பிவரத் தனிக் குழாய் போட வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். பலரும் எண்ணிப் பாராத ஓர் ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. பெட்ரோல் என்ஜின் காற்றை உள்ளிழுக்கும் குழாயில் ஒரு தடுப்புத் தகடு உண்டு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அத்தகடு மூடிக்கொள்ள, குழாயில் வெற்றிடம் உண்டாகும். பூஸ்டர் பொருத்திய வண்டிகளில் நாம் பிரேக்கை மிதிக்கும்போது நம் காலுக்குத் துணை நிற்பது அந்த வெற்றிடமே. டீசல் என்ஜினில் பொதுவாக அத்தகைய தடுப்பு இராது. ஆகவே போதிய வெற்றிடமும் இராது. உற்பத்தியாளர் அதற்கென்று தனியாக ஒரு வெற்றிடப் பம்பு வைப்பார். என்ஜினை மட்டும் வாங்கி வந்து ஏற்றுகிறவர் இதை மறந்தால், வண்டி அழகாகப் புறப்படும். நிற்க வேண்டிய இடத்தில் கால் கல்லை மிதித்தது போல் இருக்கும். அதுவும் முன்னைவிடக் கனத்த வண்டியில்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிகள் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. எரிபொருள் வகையை மாற்ற விரும்புவோர் அங்கீகாரம் பெற்ற சாதனத்தைக் கொண்டு, விதித்த நிபந்தனைகளின்படியே செய்யலாம். 2019-ஆம் ஆண்டு சனவரியில் உச்சநீதிமன்றமும் இப்பிரிவைக் கண்டிப்பாகவே எடுத்துரைத்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. அபராதத்தை விடுங்கள். பதிவுப் புத்தகத்தில் பெட்ரோல் என்றிருக்க வண்டியில் டீசல் என்ஜின் இருந்தால், விபத்து நேரும் நாளில் காப்பீட்டுக் கழகம் கையை விரிக்கக் காரணம் தேடவே வேண்டாம். அடிபட்டவர் ஏழைத் தொழிலாளியாக இருந்து, அவர் குடும்பத்துக்குரிய இழப்பீடு முழுவதும் ஆசிரியரின் வீட்டின் மீது விழுந்தால் மூன்று மாதச் சம்பளம் என்ன, முப்பது ஆண்டுச் சம்பளமும் காணாது.

ஆகவே டீசல் வேண்டாம். 1993-ஐ ஒட்டி அம்பாசிடரிலேயே வந்த 1817 கன சென்டிமீட்டர் இசுசு என்ஜினை ஏற்றலாமே என்று சிலர் கேட்பர். நல்ல என்ஜின்தான், ஐயமில்லை. ஆனால் அது தனக்குரிய ஐந்து கியர்ப் பெட்டியோடு வந்தது. பழைய வண்டியில் அதை ஏற்றத் தாங்கிகளையும், கியர்த் தண்டையும், பின்னோடும் நீள்தண்டையும் மாற்ற வேண்டும். கூடிய வேகத்துக்கு ஏற்ற பிரேக்கும் வேண்டும். பதிவுப் புத்தகத்துச் சிக்கலும் அப்படியே நிற்கும்.

எஞ்சி நிற்பது அதே வகையைச் சேர்ந்த இன்னொரு 1489 என்ஜின். பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து ஒப்புதல் பெற்று, மாற்றியபின் புதிய என்ஜின் எண்ணைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்வதே நேர்வழி. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது அன்பருக்குத் தெரிந்திருக்கும். வண்டியைச் சோதிக்கும் அதிகாரி முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

ஆனால் உள்ள என்ஜின் உண்மையில் செத்துவிட்டதா? நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது என்பது பொருள். கறும்புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். என்ஜின் சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாதிருந்தால் தண்ணீர் உள்ளே கசிகிறது. எண்ணெய் எரிவதற்கும் இரு வாயில்கள் உண்டு: தேய்ந்த பிஸ்டன் வளையம் ஒன்று, தேய்ந்த வால்வு வழிகாட்டி மற்றொன்று. அமுக்கமானி ஒன்றை இரவல் வாங்கி, ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு சிலிண்டராக அளந்து பாருங்கள். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தால், அதனுள் ஒரு கரண்டி என்ஜின் எண்ணெயை விட்டு மறுபடி அளவுங்கள். அளவு உயர்ந்தால் குறை வளையத்தில். உயராவிட்டால் வால்விலோ ஹெட் காஸ்கட்டிலோ. வால்வுக் குறையென்றால் ஹெட்டை மட்டும் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினால் போதும். என்ஜினைத் தூக்கவே வேண்டாம்.

வளையமும் சிலிண்டருமே தேய்ந்திருந்தாலும் இன்னொரு வழி உண்டு. நமக்கு அதுவே மிகவும் பிடித்த வழி. என்ஜினை வீட்டில் நீங்களே இறக்கி, வார்ப்பை மட்டும் லேத்துப் பட்டறைக்குக் கொடுத்துப் போர் அடித்து, அளவு கூடிய பிஸ்டன் போட்டுத் திரும்ப ஏற்றுவது. என்ஜின் எண் மாறாது; அலுவலகம் ஏறி இறங்க வேண்டாம்; தந்தையாரின் என்ஜினும் வண்டியிலேயே இருக்கும். முன்பே இருமுறை போர் அடித்திருந்தாலும் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர இயலும். வார்ப்பு விரிசல் விட்டிருந்தாலோ, கிராங்கு அரைத்து அரைத்துக் கடைசி அளவைத் தொட்டிருந்தாலோதான் வேறு என்ஜின் தேட வேண்டும்.

அப்படித் தேட நேர்ந்தால், சென்னைப் புதுப்பேட்டையைப் போலப் பழைய பாகம் விற்கும் இடங்களில் அம்பாசிடர் என்ஜின் இன்னும் கிட்டும். விற்பவர் வண்ணம் பூசி வைத்திருப்பார். வண்ணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். பால்போன்ற பசை படிந்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. கிராங்குப் புல்லியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். தட்டென்று ஆடினால் விட்டுவிடுங்கள். கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். கீழ்த் தொட்டியைக் கழற்றிப் பேரிங்கைக் காட்டச் சம்மதிக்காத கடைக்காரரிடம் வாங்க வேண்டாம். எல்லாவற்றிற்கும் மேலாக என்ஜின் எண்ணைப் பாருங்கள். அரம் போட்டுத் தேய்த்த இடமோ, புதிதாகப் பொறித்த எழுத்தோ தென்பட்டால் அது இன்னொருவர் வீட்டு முற்றத்திலிருந்து களவு போன வண்டியின் என்ஜினாக இருக்கலாம். எவ்வளவு மலிவானாலும் அது நமக்கு ஆகாது. இரசீது இல்லாத என்ஜினைப் பதிவு அலுவலகமும் ஏற்காது.

இனி வேலை. தானே செய்வது என்றால் தனியே செய்வது என்று பொருள் கொள்ளக்கூடாது. போல்ட்டுக் கழற்றுவது, கம்பிக்குச் சீட்டுக் கட்டுவது, கழுவுவது ஆகியவற்றைத் தனியாகச் செய்யலாம். என்ஜினைத் தூக்கும்போதும், வண்டிக்கு அடியில் படுக்கும்போதும் மற்றோர் ஆள் கட்டாயம் அருகில் நிற்க வேண்டும். ஜாக்கி என்பது தூக்குவதற்கு உரிய கருவி, தாங்குவதற்கு உரியதன்று. செங்கல்லை அடுக்கி வண்டியை நிறுத்துவதை இன்னும் பல வீடுகளில் காண்கிறோம். செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். இரும்புத் தாங்கிகளோ, கனத்த மரக்கட்டைகளோ வைத்து, வண்டியை இரு கையாலும் உலுக்கிப் பார்த்து, அசையாவிட்டால்தான் தலையை உள்ளே நுழைக்கலாம்.

அந்த என்ஜின் கியர்ப்பெட்டி இல்லாமலே ஏறக்குறைய நூற்றைம்பது கிலோ எடையுடையது. அதை மாமரக் கிளையில் தொங்கவிட்டார்கள், ஓட்டு வீட்டு உத்தரத்தில் கட்டினார்கள் என்றெல்லாம் பெருமையாகச் சொல்லும் மூத்தவர்கள் உண்டு. ஒடியாத கிளைகளின் கதையை மட்டுமே நாம் கேட்டிருக்கிறோம். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் எடுப்பவர்களிடம் இரும்புக் குழாய் முக்காலியும் ஒரு டன் செயின் பிளாக்கும் இருக்கும். ஒருநாள் வாடகைக்குத் தருவார்கள். முக்காலியின் கால்கள் அகன்று விரியாதபடி அடியில் மூன்றையும் சங்கிலியால் பிணைக்க வேண்டும். என்ஜினைக் கட்டக் கிணற்றுக் கயிறு உதவாது. சங்கிலியோ, எடை குறித்த வார்ப்பட்டையோ வேண்டும். தொங்கும் என்ஜினுக்குக் கீழே கை, கால், கீழே விழுந்த நட்டு, எதற்காகவும் போகக்கூடாது. குழந்தைகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது மேல்.

கழற்றத் தொடங்குமுன் பாட்டரி இணைப்பை நீக்குக, பாடியோடு சேர்ந்த கம்பியை முதலில். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்மின் முனையே பாடியோடு இணைந்திருக்கும். உங்கள் வண்டியில் எது என்பதைக் குறித்து வையுங்கள், திரும்ப மாட்டும்போது தலைகீழாகிவிடக்கூடாது. பெட்ரோல் குழாயைக் கழற்றி அடைத்து, டப்பாவில் பிடித்த பெட்ரோலை அப்புறப்படுத்திவிடுக. அடுப்பும் விளக்கும் எரியும் கொல்லைப்புறத்தில் பெட்ரோல் கொண்டு பாகம் கழுவுவது நம்மிடையே உள்ள மிகக் கொடிய வழக்கம். மண்ணெண்ணெய் போதும், அதுவும் திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாத தொலைவில். ஒரு வாளி மணல் அருகிலிருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீரின் மேல் மிதந்து பரவும்.

தண்ணீரையும் எண்ணெயையும் வடித்து, பானட்டைக் கீல் இருந்த இடத்தில் கோடு கிழித்துவிட்டு இருவராகத் தூக்கி வைத்து, ரேடியேட்டரை எடுத்துவிட்டால் இடம் விசாலமாகும். கார்பரேட்டர், டைனமோ, செல்ப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றை முன்னரே இறக்கிவிடலாம். ஒவ்வொரு கம்பிக்கும் சீட்டுக் கட்டுங்கள். இன்று கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளலாம், இரண்டும் இருப்பது நலம். அந்தந்த இடத்து போல்ட்டை அந்தந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதி வைப்பதில் இல்லத்தரசியும் பிள்ளைகளும் துணைசெய்யலாம். வேலை முடிந்தபின் மூன்று போல்ட்டு மிஞ்சிவிட்டன என்று சிரிக்கும் வேடிக்கை வண்டியில் வேண்டாம்.

கியர்ப்பெட்டியை வண்டியிலேயே விட்டு என்ஜினை மட்டும் எடுப்பதானால், பெட்டியின் அடியில் கட்டை கொடுத்துத் தாங்க வேண்டும். இரண்டையும் பிணைக்கும் போல்ட்டுகள் அனைத்தையும் கழற்றியபின் என்ஜினை நேர்கோட்டில் முன்னோக்கி இழுக்க வேண்டும். கியர்ப்பெட்டியின் தண்டு கிளச்சுத் தட்டைவிட்டு முழுதும் வெளிவருமுன் மேலே தூக்கினால், என்ஜின் எடை முழுவதும் அந்தத் தட்டில் தொங்கி அதை வளைத்துவிடும். பழைய கிளச்சுத் தட்டின் தூளை வாயால் ஊதவோ காற்றடித்துத் துரத்தவோ கூடாது. அக்காலத்துத் தட்டுகளில் கல்நார் கலந்திருக்கும். அது நுரையீரலில் புகுந்தால் வெளியேறாது. ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

ஏற்றும் வேலையில் பொறுமை சோதிக்கப்படுவது ஓரிடத்தில்தான். கியர்ப்பெட்டித் தண்டு கிளச்சுத் தட்டின் நடுத்துளை வழியே சென்று, கிராங்கின் பின்முனையிலுள்ள சிறு புஷ்ஷில் அமர வேண்டும். தட்டு நடுவில் அமையாவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் விரலளவு இடைவெளி நிற்கும். அப்போது போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்த்துவிடலாம் என்னும் ஆசை எழும். முறுக்கினால் கியர்ப்பெட்டியின் காது உடையும், இல்லையேல் தட்டு கெடும். பழைய கியர்ப்பெட்டி ஒன்றின் தண்டைப் பட்டறையில் கேட்டு வாங்கி, அதைச் செருகி வைத்தபடியே கிளச்சு போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கினால் தட்டு தானே நடுவில் அமையும். பின்னர் ஒருவர் கிராங்கை மெல்லத் திருப்ப, மற்றவர் என்ஜினைத் தள்ள, வழுக்கிக்கொண்டு போய்ச் சேரும். என்ஜின் வெளியிலிருக்கும்போதே கிளச்சுத் தட்டு, கிளச்சு பேரிங், தாங்கு ரப்பர்கள், ரேடியேட்டர் ரப்பர்க் குழாய்கள் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். இருநூறு ரூபாய்ப் பொருளுக்காக மறுபடி முக்காலி நாட்டுவது எவ்வளவு வேதனை என்று பட்டவர்களைக் கேளுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டும்போது முதல் சிலிண்டர் அமுக்கத்தின் உச்சியில் நிற்கிறதா, வெளியேற்றத்தின் உச்சியில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பிஸ்டன் மேலேதான் நிற்கும்; புல்லிக் குறி இரண்டிலும் ஒன்றேதான். பிளக்குத் துளையைக் கட்டைவிரலால் மூடிக் கிராங்கைச் சுற்றினால், அமுக்கத்தின்போது விரலைத் தள்ளும். தீப்பொறி வரிசை 1, 3, 4, 2.

உடனே ஓட்டிவிடத் துடிக்கக் கூடாது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, தீப்பொறி இணைப்பை நீக்கிவிட்டு, எண்ணெய் அழுத்தம் காட்டும்வரை செல்ப் மோட்டாரால் இடைவிட்டு இடைவிட்டுச் சுற்றுங்கள். உலர்ந்த பேரிங்கில் ஓடிய முதல் அரை நிமிடமே பல என்ஜின்களின் ஆயுளில் பாதியைத் தின்றுவிடுகிறது. பிறகு பிளக்குப் போட்டு ஓட்டுங்கள். வண்டி திறந்த முற்றத்தில் நிற்கட்டும். கதவடைத்த கொட்டகையில் பெட்ரோல் என்ஜினை ஓட்டினால் வெளியாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி என்று உட்கார்ந்தவர் எழாமலே போனதுண்டு. புறக்கடைச் சன்னல் அருகே முதியவர் படுத்திருந்தால் அதையும் கருத வேண்டும். என்ஜின் சூடேறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். கொதிநீர் முகத்தில் பாயும்.

முன்னும் பின்னும் அடியிலும் விளக்கடித்துக் கசிவு பாருங்கள். பழைய அம்பாசிடர் என்ஜினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பி அனுப்பும் திருகுப் பள்ளமே உண்டு. இரவில் நான்கைந்து சொட்டு விழுந்தால் மனம் கலங்க வேண்டாம். ஒழுகினால் மட்டும் கவலைப்படுங்கள். சாலையில் இறங்குமுன் முற்றத்திலேயே பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பாருங்கள். ஸ்டியரிங்கில் எந்தக் கம்பியும் உரசவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

இத்தனைக்கும் எத்தனை நாள் ஆகும்? பழகிய பட்டறையார் ஒரு நாளில் இறக்கி மறுநாள் ஏற்றிவிடுவர். உங்களுக்கு மூன்று வாரக் கடைசிகளாவது பிடிக்கும். போர் அடிக்க அனுப்பினால் இன்னும் கூடும். கூலியில் மிச்சமாகும் தொகை உண்மையே, ஆனால் கருவி வாடகை, காஸ்கட், எண்ணெய், கிளச்சு என்று போனபின் நினைத்ததில் பாதிதான் கையில் நிற்கும். தம்பியின் படிப்புக்கு அது நல்ல பயிற்சியாகும் என்பதை நாம் பெரிய ஆதாயமாகவே எண்ணுகிறோம். மைத்துனரையும் செயின் பிளாக் பிடிக்க அழையுங்கள், வருவார்.

புதிதாகப் போர் அடித்த என்ஜினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் விரட்ட வேண்டாம். ஐந்நூறில் எண்ணெயை மாற்றிவிடுங்கள். வடித்த கறுப்பெண்ணெய் தோலுக்குக் கேடு, கிணற்றுக்கு அதைவிடக் கேடு. பூண் இறுகிய கேனில் சேர்த்து வைத்துப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுங்கள். வேறு என்ஜின் ஏற்றியிருந்தால், பதிவுப் புத்தகத்தில் புதிய எண் ஏறி, காப்பீட்டுக் கழகத்துக்கும் அதை எழுதித் தெரிவித்து, இரண்டு தாள்களும் கைக்கு வரும்வரையில் தந்தையாரின் பழைய என்ஜினை எடைக்குப் போடாதீர்கள். அதிகாரி கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.